கேஸ் கொப்பி கேட்கப் போனேன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். கலேவெலயில் சிறுபோக அறுவடை முடிந்திருந்த நேரம். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். என் வீட்டுக்காரர் அப்போது மரக்கறி லொறி ஒன்றில் கூலிக்கு டிரைவராக ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் வீட்டில் கிடந்து கிரிக்கெட் பார்ப்பார். அப்படியிருக்கும்போதுதான் தம்புள்ளைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வேன் ஓட்டும் வேலை வந்தது. நிரந்தர வேலை. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினார், அவர்களுக்குப் பிடித்தும் போய்விட்டது. "பொலிஸ் ரிப்போட் மட்டும் கொண்டுவந்து குடுங்க, வேலைக்கு வரலாம்" என்று சொல்லி அனுப்பினார்களாம். பொலிஸில் நம் மேல் ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்குகிற கடிதம் அது.

வீட்டுக்கு வந்த மனிதர் சாப்பிடக்கூட இல்லை. "அந்த வேல எனக்குச் சரிப்பட்டு வராது" என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இது முதல் தடவையாக இருந்தால் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் என் மாமா டுபாயில் வேலை பார்த்துக் கொடுத்தபோதும் இதே கதைதான். பிறகு பஸ் டிப்போவில் ஆள் எடுத்தபோதும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் வாசல் வரைக்கும் போவார், திரும்பி வந்துவிடுவார். எனக்கு ஏற்கெனவே வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கு அது இன்னும் நீண்டுவிட்டது. "ஒங்களுக்கு ஒடம்பு வளையாது, அதச் சொல்லிட்டுப் போங்களேன்" என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய்விட்டேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "எனக்குக் கேஸ் இருக்கு" என்றார்.

அவர் இரத்தோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கொழும்புப் பக்கம் வந்துவிட்டார்கள், அங்கே போய் யாரைப் பார்ப்பது என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வேறு.

கல்யாணத்துக்குப் பல வருடம் முன்னால், பையனாக இருந்த காலத்தில், தோட்டத்து மைதானத்தில் வொலிபோல் ஆடும்போது அவருக்கும் அவருடைய நெருங்கிய கூட்டாளிக்கும் வாய்ச்சண்டை வந்திருக்கிறது. வாய் கையாகி, இவர் பிடித்துத் தள்ளியதில் கூட்டாளியின் தலை வலைக்கம்பத்தில் மோதி, தையல் போடும்படி ஆகிவிட்டது. அவனுடைய வீட்டு ஆட்கள் பொலிஸுக்குப் போனார்கள். ஸ்டேஷனில் இருவரையும் நிறுத்தி வைத்து, எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"ஸ்டேஷன் பெரிய ஐயா சிங்களத்துல சத்தம் போட்டாரு. எனக்கு அப்ப சிங்களம் அவ்வளவா வராது. ரெண்டு பேத்தையும் உசாவிக்கு அனுப்புறேன்னு சொன்னது மட்டும் வெளங்கிச்சு" என்றார்.

உசாவி என்றால் நீதிமன்றம். சிங்களச் சொல்தான், எங்கள் பக்கத்தில் தமிழிலும் அப்படியே சொல்லிக்கொள்வோம். மறுநாள் விடிந்ததும் அவருடைய அம்மா ஒரு பையில் உடுப்பைப் போட்டு, "கேஸ் ஆயிருச்சு, இந்தப் பக்கம் வந்துறாத" என்று கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். அதோடு அவர் போகவே இல்லை. அந்தக் கூட்டாளியையும் பிறகு பார்க்கவே இல்லை.

"கோட்டுக்குப் போகாதவனுக்கு வாரண்ட் போட்டிருப்பாங்கதானே? ரிப்போட் கேட்டா அந்த ஸ்டேஷனுக்குத்தான் தகவல் போகும். நானே போய்த் தலையக் குடுக்கணுமா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்து, இந்த மனிதருக்குள் இப்படி ஒரு பயம் குடியிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. ரோட்டில் பொலிஸ்காரர் கை காட்டினால் இவருக்குச் சட்டை நனைந்துவிடுவதைப் பார்த்து நான் எத்தனையோ நாள் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி மாத்தளையில் ஒரு வக்கீலிடம் வேலை செய்கிறாள். பெயர் சொல்லாமல் அவளிடம் விசாரித்தேன். வழக்கு நம்பர் தெரிந்தால், நீதவான் நீதிமன்றத்தில் பதிவாளர் கந்தோரில் எழுதிக் கொடுத்து வழக்கேட்டின் நகல், அதாவது கொப்பி, எடுக்கலாம் என்றாள். முதலில் என்ன வழக்கு, என்ன நிலைமை என்று தெரிந்துகொண்டு, பிறகு வக்கீலைப் பிடித்து ஆஜராகலாமாம். கேஸ் நம்பர் இவருக்கு மனப்பாடம். முதலில் ஓர் எண், ஒரு சாய்ந்த கோடு, பிறகு இன்னோர் எண். அன்றைக்கு ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிய நம்பராம். பிள்ளைகளின் பிறந்த தேதியை மாற்றிச் சொல்கிற மனிதர் இதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"நீ போகாத" என்று கெஞ்சினார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கவுண்டரில் போய் அந்த நம்பரைச் சொன்னதும், "ஆள் எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வது? நானே என் புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? முந்தின நாள் வஹகோட்டைக் கோயிலுக்குப் போய் அந்தோனியார் முன்னால் முழந்தாளிட்டேன். தொலைந்துபோன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். நானோ, அந்த ஃபைல் கண்ணில் படவே கூடாது சாமி என்று வேண்டினேன். அவருடைய தொழிலுக்கே விரோதமான வேண்டுதல், என்ன செய்ய.

மாத்தளை நீதிமன்றத்தில் பதிவாளர் கந்தோர்க் கவுண்டரில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். தெரிந்த ஒருவருடைய பழைய வழக்கு, கொப்பி வேண்டும் என்று நம்பரையும் பெயரையும் ஸ்டேஷனையும் சண்டை நடந்த வருடத்தையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சவரா, வீட்டுக்காரரா நங்கி?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டுக்காரர்தான் மிஸ்" என்றேன். நங்கி என்றால் தங்கச்சி. அந்த ஒரு வார்த்தைக்கே நான் முழுக் கதையையும் கொட்டிவிட்டேன்.

அவர் நம்பரை மறுபடி பார்த்தார். "இது எங்க நம்பர் மாதிரி இல்லையே. நீதிமன்ற நம்பர் இப்படி வராது. இது பொலிஸ் புத்தகத்துல பக்கமும் பந்தியும். என்ட்ரி நம்பர்."

"அப்ப கேஸ் நம்பர்?"

"கேஸ் இருந்தாத்தானே நம்பர் இருக்கும்?"

சொல்லிவிட்டு சும்மா இருக்கவில்லை. உள்ளே போய், அந்த ஸ்டேஷனிலிருந்து அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வந்த வழக்குகளின் பதிவுப் புத்தகங்களை எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். இவருடைய பெயரைத் தகப்பன் பெயர் முன்னால் வைத்தும் பின்னால் வைத்தும் தேடினார். நம்முடைய பெயர்களைச் சிங்களத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பெயர் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பொலிஸில் முறைப்பாடு எழுதினாலும் 'கேஸ் போட்டாச்சு' என்றுதான் சொல்வோம், நீதிமன்றத்துக்குப் போனாலும் அதே வார்த்தைதான். மாமியார் சொன்ன 'கேஸ் ஆயிருச்சு' எந்தக் கேஸ் என்று யாருமே கேட்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போய் அந்த என்ட்ரியோட கொப்பியக் கேளுங்க. ஆனா நீங்க போனா குடுக்க மாட்டாங்க. சம்பந்தப்பட்ட ஆளே அடையாள அட்டையோட போகணும்" என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

வீட்டுக்குப் பறந்து வந்து சொன்னால், இவர் நம்பவில்லை. "ஃபைல் தொலைஞ்சிருக்கும். பழைய ஃபைல்தானே" என்றார். கண்ணில் படக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதை எப்படி வாய்விட்டுச் சொல்வேன்? ஆனால் விடவில்லை. ஒரு கிழமை முழுக்க நச்சரித்து, கடைசியில், "நீங்க வராட்டி நான் தனியாப் போய் ஸ்டேஷன் வாசல்ல ஒக்காந்துக்குவேன்" என்றதும்தான் கிளம்பினார்.

இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டேஷனில் சிறு முறைப்பாட்டுப் பிரிவு என்று ஓர் அறை. அங்கே இருந்த சார்ஜன்ட் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பழைய புத்தகங்கள் ஸ்டோரில் கட்டி வைத்திருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கிழமை வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் இவர், "நம்மள வரவழச்சுப் பிடிக்கத்தான் நாள் சொல்றாங்க" என்றார். அந்த ஒரு கிழமை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஹோட்டலிலிருந்து வேறு இரண்டு முறை போன் வந்துவிட்டது.

இரண்டாம் தடவை போனபோது சார்ஜன்ட் தூசு படிந்த புத்தகத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தார். சிங்களத்தில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டே போய், கடைசியில் நிமிர்ந்து, "பெருசா ஒண்ணும் இல்ல" என்று சிங்களத்திலேயே சொன்னார்: "ஆயெத் ரண்டு வுணொத் உசாவியட்ட யவனவா கியலா அவவாத கரலா."

மறுபடியும் சண்டை பிடித்தால் நீதிமன்றத்துக்கு அனுப்புவேன் என்று எச்சரித்து விட்டிருக்கிறார்களாம். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தின் மேல் குனிந்தார். பிறகு மெதுவாகத் தமிழில் என்னிடம், "ரண்டு" என்றார். "ரெண்டு இல்ல. ரண்டு."

சிங்களத்தில் ரண்டு என்றால் சண்டை. இன்றைக்கு இவருக்கு அது நன்றாகத் தெரியும். மரக்கறி முதலாளிமாரோடு தினமும் ரண்டு போட்டுக்கொண்டிருந்தவர்தானே. ஆனால் அன்றைக்குச் சிங்களம் தெரியாத பையன் காதில் விழுந்தது 'ரெண்டு', 'உசாவி' என்ற இரண்டு வார்த்தைதான். ரெண்டு பேரையும் உசாவிக்கு அனுப்புகிறார் என்று தமிழில் முடிவு கட்டி, அதை அப்படியே மனதில் பூட்டி வைத்துவிட்டார். பிறகு சிங்களம் படித்தும் அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. சார்ஜன்ட் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் அந்த மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு, "மத்த ஆள் சொன்னதையும் கேளுங்க" என்று முந்தின பந்தியை வாசித்தார். 'நாங்கள் ஒரே லயத்து வரிசைவீட்டு ஆட்கள். இவன் என்னுடைய கூட்டாளி. நான்தான் முதலில் அடித்தேன். வீட்டில் கோபத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வழக்கு வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இவர் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சார்ஜன்ட் முகம் சுளிக்காமல் வாசித்தார். இவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

முத்திரை குத்திய கொப்பியை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தோம். மாத்தளை பஸ் புறப்படத் தயாராக நின்றது. இவர் அதில் ஏறவில்லை. மேலே தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டு வருவமா?" என்றார்.

கூட்டாளி இப்போது தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கிறார் என்று வழியில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்ற இவரைப் பார்த்ததும் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். நெற்றியோரம் தழும்பு இருந்தது.

"எங்கடா போன இவ்வளவு காலமா?" என்றார். "கொழும்புக்குப் போய்ப் பெரிய ஆளாயிட்ட, எங்கள மறந்துட்டன்னு நெனச்சேன்."

"நீ கேஸ் போட்டுட்டன்னு நெனச்சேன்டா."

"நானா? ஒம் மேலயா?" என்றார் அவர். அவருடைய மனைவி போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் உள்ளே போய்விட்டோம்.

பொலிஸ் ரிப்போட் சுத்தமாக வந்தது. கொஞ்சம் பிந்தினாலும் ஹோட்டல்காரர்கள் காத்திருந்தார்கள். இன்றுவரை அந்த வேன்தான் ஓட்டுகிறார். துணி தைக்க வருகிறவர்கள் யாராவது வீட்டில் ஒருவருக்குக் கேஸ் இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், நான் மெஷினை நிறுத்திவிட்டு, "எந்தக் கேஸ்? என்ட்ரியா, உசாவியா? போய்க் கேட்டீங்களா?" என்று பிடித்துக்கொள்வேன். எல்லாருக்கும் எங்களுக்கு வந்த மாதிரி நல்ல பதில் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு ரோட்டில் பொலிஸ்காரர் கை காட்டினால் கண்ணாடியை இறக்கிச் சிரித்துப் பேசுகிற என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தச் சிரிப்பு எத்தனை வருடம் முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.