நான் அழித்த கொப்பி

எங்கள் வீட்டில் பென்சிலால் எழுதியது எதுவும் ஒரு வருசத்துக்கு மேல் இருந்ததில்லை. தீவுக்குச் சாமான் ஒழுங்காக வராத காலம். அக்கா வகுப்பேறியதும் அவளுடைய கொப்பிகளை அழிறப்பரால் தேய்த்து என்னிடம் தருவார்கள். அவள் எழுத்தின் தடத்துக்கு மேலேயே நான் எழுதுவேன். எங்கள் ஊரான புளியங்கூடலில் அநேகமான வீடுகளில் அதுதான் வழக்கம்.

அந்த வருசம் தேய்த்த தேய்ப்பில் அக்காவின் கொப்பி கிழிந்துவிட்டது. திங்கட்கிழமை கொப்பியில்லாமல் வகுப்பில் எழும்பி நிற்க வேண்டும். அதைவிடக் காய்ச்சல் வந்தால் நல்லது என்றிருந்தது எனக்கு.

பெரியப்பா கொழும்பில் முப்பது வருசம் பத்திரிகை நிருபராக இருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு பெட்டியும் பாதி எழுதிய ஒரு கொப்பியுமாக எங்களோடு வந்து இருந்தார். தினமும் ஊர்காவற்றுறைத் துறைக்குச் சைக்கிளில் போய், படகுக்கு நிற்பவர்களின் கதையைக் கேட்டுவந்து அந்தக் கொப்பியில் ஒரு வரி, இரண்டு வரி எழுதுவார். தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும் என்று எப்போதும் பென்சில்தான். அந்த வரிகளைப் புத்தகமாகப் போட யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கொப்பி அலுமாரியில் இருப்பது மட்டும் தெரியும். கேட்டிருந்தால் வேறொன்று தேடித் தந்திருப்பார். கேட்கக் கூச்சம்.

சனிக்கிழமை அவர் துறைக்குப் போனபின் குசினிக்குப் பின்னால் இருந்து தேய்த்தேன். ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் அழித்தேன். மத்தியானத்துக்குள் கொப்பி வெள்ளையாகிவிட்டது.

அம்மா கண்டு காதைத் திருகினார். "கலவரத்துக்குத் தப்பின எழுத்தடி. உன்ரை அழிறப்பருக்குத் தப்பேல்லையே."

பெரியப்பா வந்து கொப்பியைப் புரட்டினார். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கதிரையில் இருந்து பென்சிலை எடுத்தார். பிறகு, "வாசிச்சுப்போட்டே அழிச்சனி?" என்றார்.

"ஓம்."

"அப்ப சொல்லு பிள்ளை. நான் எழுதுறன்."

சொன்னேன். துறையில் முதலில் செய்தி இறங்கும், பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். பஸ் வராத நாளில்தான் எல்லாருக்கும் பட்டணத்தில் அலுவல் இருக்கும். நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் ஐந்தாவது ஆளைக் கேள். பெரிய மனிதர் பேசும்போது பார், பேசாதபோது எழுது. இந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். தான் எழுதியது மறுவளமாம், பேசும்போது எழுது, பேசாதபோது பார் என்று. "உன்ரைதான் நல்லாயிருக்கு, கிடக்கட்டும்" என்று அப்படியே எழுதிக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரம்வரை சொன்னேன். பாதிக்குமேல் மீண்டது.

"கடைசிப் பக்கத்திலை ஒண்டு இருந்ததே?" என்றார்.

இல்லையென்று தலையாட்டினேன்.

அது எனக்கு நல்ல ஞாபகம். 'கூச்சப்படுகிற பிள்ளை முகத்தைப் பார்க்காது, கையைப் பார்க்கும். அதனிடம் பொய் சொல்ல ஏலாது.' என்னைப் பற்றிய முறைப்பாடு என்று நினைத்து ஒளித்துவிட்டேன்.

புத்தகம் பிறகு வந்தது. நான் மாற்றிச் சொன்ன வரி அதில் இருக்கிறது. அந்தக் கடைசி வரி இல்லை.

மறந்துபோன ஒருவர், அது கடைசிப் பக்கத்தில் இருந்தது என்று எப்படிக் கேட்பார்? அதுவும், அந்த வரி என்னை மெச்சி எழுதியது என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் தாளில் முட்டியபடி, எழுதாமல், நெடுநேரம் காத்துக்கொண்டிருந்தது.