மஞ்சள் தொப்பியை விடாமல் எதிர்த்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

நேற்று மதியம் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது... கவரைப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி பக்கவாட்டில் இடித்திருக்கிறது. நெஞ்சில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். எங்கள் கம்பெனியில் வண்டி வைத்திருந்து அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை.

அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று சாயங்காலமே ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். "ஹெல்மெட்டு ஹெல்மெட்டுன்னு உயிர எடுத்துச்சே... போட்டுக்கினுதான போச்சி? இன்னா ஆச்சி?"

அதற்குக் கீழே கும்பிடு எமோஜி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அடங்கவில்லை.

எழுதியவர் மெயின்டெனன்ஸ் சேகர் அண்ணன். பெயர் சொல்லித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குள் போடச் சொல்லி எங்களுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி தருவார்கள். பாதிப் பேர் அதையே மாட்டிக்கொண்டு ஹைவேயில் பைக் ஓட்டுவார்கள். வெயிட் இல்லை, வேர்க்காது, போலீஸ் செக்கிங்கிலும் சமாளித்துவிடலாம் என்று கணக்கு.

அக்கா காலையில் பைக் ஸ்டாண்டு பக்கத்தில் நிற்பார். மஞ்சள் தொப்பியோடு யார் வந்தாலும் ஒரு விரலால் கீழேயிருந்து தட்டுவார். தொப்பி பறந்து போய் விழும்.

"பாத்தியா? இது மேலேர்ந்து போல்ட்டு வுழுந்தா தாங்கும். நீயே வுழுந்தா தாங்காது. உனுக்கு முன்னாடி அது போய் ரோட்ல குந்திக்கும்."

சேகர் அண்ணனின் தொப்பி எத்தனை முறை பறந்தது என்று அவரையே கேளுங்கள்.

மஞ்சள் தொப்பிக்காரர் யார் லிஃப்ட் கொடுத்தாலும் ஏற மாட்டார். அவருடைய ஸ்கூட்டி ரிப்பேரான நாட்களில் பஸ் ஸ்டாப் வரை வெயிலில் நடந்தே போவார். கேட்டால், "கால் வலிச்சா தைலம் தேச்சிக்கலாம், போடி" என்பார்.

நான் முதன்முதலில் ஹெல்மெட் வாங்கப் போனபோது அவரும் கூட வந்தார்... ஹைவே ஓரத்துக் கடை. நான் ரோஸ் கலரில், நல்ல லூஸாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுதான் வசதியாக இருக்கிறது என்றேன்.

"எங்க, தலய ஆட்டு." ஆட்டினேன். என் தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை.

அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். அடுத்ததைப் பின்பக்கமிருந்து பிடித்துத் தூக்கிப் பார்த்தார், அது முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்தது. அதுவும் வேண்டாம். கடைசியில் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஒன்று, கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. இது டைட்டு என்று முனகினேன்.

"கன்னத்த அமுக்கணும், நெத்தியக் குத்தக் கூடாது. உள்ள கீற பஞ்சி போகப்போக அமுங்கிடும். இப்பவே லூஸ்னா அப்றம் சட்டியக் கவுத்துக்கினு போற மாதிரிதான்."

பிறகு பக்கத்துக் கடையில் டீ வாங்கினார். ஹெல்மெட்டைக் கழற்ற விடவில்லை. டீ ஆறும் வரை போட்டுக்கொண்டே நில், எங்கேயாவது குத்தினால் சொல் என்றார். குத்தவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, பின்னலைத் தாழ்த்திப் போடு என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பூவைச் சின்ன டப்பாவில் வைத்துக் கொண்டுவருவோம். கம்பெனி கேட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிடுவோம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒரே ஒருமுறை சொன்னார். அவருடைய தம்பி ஜீவாவும் இதே எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தான். மஞ்சள் தொப்பியோடு பைக்கில் போய் விழுந்தான்.

"ஆஸ்பத்திரில தலைலேர்ந்து கழுத்து வரிக்கும் துணி சுத்திக் குடுத்தாங்க. மூஞ்சிய யாருக்கும் காட்டல. எங்கம்மா துணிக்குத்தான் முத்தம் குடுத்துச்சி."

அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் பைக் ஸ்டாண்டில் நின்றார்.

இன்று காலை அவருடைய வீட்டில் பெட்டி திறந்தே இருந்தது. சேகர் அண்ணனும் வந்திருந்தார், கையில் மாலையோடு.

அக்காவின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற முகம்.

அவருடைய அம்மா இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு நெற்றியில், கன்னத்தில், மறுபடியும் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "எம்பொண்ணு மூஞ்சி அப்டியே கீது... வாப்பா சேகரு, வந்து பாரு. ஜீவா மூஞ்சியத்தான் பாக்க வுடல. இவள நல்லாப் பாரு."

சேகர் அண்ணன் பார்த்தார். மாலையைக் கால்மாட்டில் வைத்தார். மெசேஜ் மட்டும் குரூப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்னா ஆச்சி என்று கேட்டீர்களே அண்ணா... இதுதான் ஆச்சு. நெஞ்சில் இடித்த லாரியை ஹெல்மெட் எப்படித் தடுக்கும்? அதை லாரிக்காரனிடம் கேளுங்கள். சர்வீஸ் ரோட்டை அடைத்து வண்டி நிறுத்தி எங்களை ஹைவேயில் ஏற வைக்கிறவர்களிடம் கேளுங்கள். செத்துப்போனவரிடம் கேட்காதீர்கள்.

நாளை எனக்குக் காலை ஷிஃப்ட். பைக் ஸ்டாண்டில் அக்கா நின்ற இடத்தில் நான் நிற்பேன். எனக்கும் விரல் இருக்கிறது.

போய் வாங்க அக்கா. பூ டப்பாவில் இருக்கிறது... கேட்டுக்கு வந்துதான் வைத்துக்கொள்வேன்.