கட்டிய கணவனுக்கும் சம்மதம் வேண்டும்

சத்வா அலுவலக வளாகத்தில் மெஸ் நடத்தும் இளவேனில், கேட்டுப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் வாராவாரம் சாப்பாட்டு விவரத்தை மின்னஞ்சலில் அனுப்புவாள். அவள் கணவன் சேதுமாதவன் ஒருநாள் ஆபீஸ்காரர்களின் முகவரிகளை மொத்தமாக அள்ளி வந்தான்.

"எல்லாருக்கும் தட்டிவிடு."

"அவங்க யாரும் நம்மகிட்ட கேக்கலைங்க. சம்மதமில்லாம விளம்பரம் அனுப்பினா சட்டப்படி தப்பு."

"பெரிய வக்கீலு," என்றவன், கடுப்பில் தனக்கு வந்திருந்த மெஸ் மெயிலின் அடியில் 'இனி வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் மெஸ்ஸுக்கு வந்தபோது மட்டன் பிரியாணி காலியாகியிருந்தது.

"பிரியாணின்னு ஏன் சொல்லல?"

"வேண்டாம்னவருக்கு அனுப்பினா அதுவும் தப்பு," என்று தயிர்சாதத்தை வைத்தாள்.

சேதுமாதவன் விரலில் ஒட்டிய ஊறுகாயை நக்கிவிட்டு மறுபடி பதிவு செய்தான். உறுதிப்படுத்தச் சொல்லி வந்த மெயிலையும் முனகாமல் அழுத்தினான்.