சிலந்திக் குஞ்சுகளும் சாச்சியின் சோறும்

நாட்டில் சண்டை முடிந்து மன்னாருக்கே திரும்பிப் போன என் மகள் வீட்டிலிருந்து பேரன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் சிலந்திக் குஞ்சுகளுக்குக் கண்ணாடி வீடு கட்டி, மண் பரப்பி, தண்ணீர் தெளித்து வளர்க்கிறான். "உம்மம்மா, இப்பிடிக் கண்டிருக்கீங்களா?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும். நான் பிறந்த கடலோர ஊரான பள்ளிவாசல்துறையில், அவனைவிடச் சின்னவளாக இருந்தபோதே நான் ஒரு சிலந்தி ஊரை ஆண்டவள்.

எங்கள் கிடுகு ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒரு முட்டைப் பை பொரித்துக் குஞ்சுகள் மணல்போலக் கொட்டின. அள்ளி ஒரு ஜாம் போத்தலில் போட்டேன். விடிந்து பார்த்தால் பாதியைக் காணவில்லை, மீதி கொழுத்திருந்தது. ஆளுக்கொரு அறை கட்டாயம் என்று அப்போதுதான் விளங்கியது. வாப்பாவின் நெருப்புப்பெட்டிகளைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டேன். மேலே ஊசியால் துளை, உள்ளே ஈரப் பஞ்சு.

வாப்பா சுருட்டுப் பற்றவைக்க ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே குடியிருந்தவர் அவருடைய கையில் ஏறினார்.

நாங்கள் சிலந்தியைக் கொல்வதில்லை. நபியவர்கள் ஒளிந்திருந்த குகை வாசலில் வலை பின்னிக் காத்த பிராணி அது. ஆகவே வாப்பா என்னைத்தான் கொல்லப் பார்த்தார்.

"பொழுதுபடமுந்தி எல்லாத்தையும் வேலிக்கு அங்கால வுட்டுடணும். இல்லாட்டி நானே கொண்டு போய்க் கொட்டுவன்."

வாப்பா நுழைய முடியாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது, சாச்சியின் அறை. சாச்சி உம்மாவின் தங்கை. அவருடைய கணவர் சாச்சா கடலில் மூழ்கி மௌத்தானதிலிருந்து எங்கள் வீட்டில் இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. அக்காவின் கணவரும் அந்நிய ஆண்தான். வாசலில் ஒரு சீலை தொங்கும். பெட்டிகளோடு அந்தச் சீலைக்குள் புகுந்துகொண்டேன்.

சாச்சி சுவரைப் பார்த்துக் கிடந்தார். பேச்சில்லை. உம்மா பீங்கான் தட்டில் சோறு போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். அது காய்ந்து அப்படியே திரும்பும். குசினி அடுப்படியில் உம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவளும் போயிடுவாளோ" என்று வாப்பாவிடம் சொல்வது கேட்கும். எனக்கு ஒரு கவலையும் இல்லை. தின்னாத மீன்சோற்றில் ஈ மொய்க்கும். ஒரு ஈயைப் பிடித்துப் பிய்த்து நாலைந்து பெட்டிக்குப் பங்கு வைப்பேன். சாச்சி பட்டினி கிடந்ததால் நன்மை கண்டவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு கிடக்கு புள்ள. பிரிச்சுப் போடு."

பிரித்துப் போட்டேன். பெரியவர்கள் வேலை ஏவுவது எங்கள் வீட்டில் அதிசயமில்லை. ஆகவே யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு எறும்பு வந்தது. சோற்றைத் தேடி வந்த வரிசை வழியில் ஒரு பெட்டிக்குள்ளும் நுழைந்து, குஞ்சைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போனது. நான் ஓலம் வைத்தேன். சாச்சி எழுந்து உட்கார்ந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊதினார்.

"சோறு கிடந்தா எறும்பு வரத்தானே செய்யும்."

"சோறு இல்லாட்டி ஈ வராதே சாச்சி."

"ஈய நான் புடிச்சுத் தாறன். நீ வாய மூடு."

மறுநாள் பள்ளியில் குர்ஆன் ஓதிவிட்டு வந்து சீலையை விலக்கினால், பீங்கானில் ஒரு பருக்கை இல்லை. மீன்முள்ளைக்கூட ஜன்னலால் எறிந்தாயிற்று. சாச்சி விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"ஈ எங்க?"

"திண்ட களைப்பு. பொறகு புடிப்பம்."

இது பச்சைத் துரோகம். பீங்கானைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"உம்மா, சாச்சி முழுச் சோத்தையும் திண்டுட்டா. கொஞ்சமும் மிச்சம் வைக்கல்ல. நீங்க வந்து ஏசுங்க."

உம்மா அரிந்துகொண்டிருந்த மீனைப் போட்டார். பீங்கானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுதபடியே சிரித்தார். வாப்பாவைக் கூப்பிட்டு வெறும் பீங்கானைக் காட்டினார். வாப்பா மடியிலிருந்த புது நெருப்புப்பெட்டியை எடுத்து, குச்சிகளை வாங்குப் பலகையில் கொட்டிவிட்டுப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"இந்தா. இன்னும் வேணுமெண்டா கேளு."

சாச்சியை ஒருவரும் ஏசவில்லை. அதற்குப் பதிலாக அன்று மாலை அவருக்கு முட்டை பொரித்தார்கள். சோற்றைத் தின்று தீர்த்தவருக்கு முட்டை, முறையிட்டவளுக்கு உடம்பெல்லாம் மீன் நாற்றம். இந்த வீட்டில் நியாயம் கேட்க ஆளில்லை என்று நினைத்து, யாருடனும் பேசாமல் படுத்துக்கொண்டேன்.