வீட்டுக்குள் எழாத முள்

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டிடங்களின் உச்சி அவருக்கு அத்துப்படி. வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் யோசிப்பார். வெளிச்சம் வருமுன் கிளம்புவார், விளக்கு போட்ட பிறகு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கியே தீர்ப்பார்.

மகளின் படிப்புக்கென்று அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. படிப்பு ஒரு சாக்கு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. மகள் மட்டும் எப்போதாவது ஒரு ஞாயிறு வந்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் அவர் வீட்டில் பைகளை இறக்கியபோது, மேசை மேல் பழைய ஃபிலிம் கேமரா குடல் சரிந்து கிடந்தது. "வா ஊர்சுத்தி, அந்த ஸ்க்ரூவை மிதிச்சிடாத" என்றார். அதுதான் வரவேற்பு.

போன தடவை வந்த மகளை அந்தக் கேமராவில்தான் எடுத்தாராம். கழுவி வந்தபோது எல்லாமே கருப்பு. "என் முகத்தையே காணோம்ப்பா, பல்லு மட்டும் தெரியுது" என்று போனில் சிரித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறாள். அதன்பின் கல்லூரி விடுதி, கடல் தாண்டி. இந்தத் தடவை சரியாக வரும் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

கோளாறு வெளிச்சம் அளக்கும் மீட்டரில். கேமராவில் கண் வைக்கும் கண்ணாடிக்குள் பார்த்தால் ஓரத்தில் ஒரு மெல்லிய முள் தெரியும். வெளிச்சம் போதுமென்றால் அது நடுவில் நிற்கும். இப்போது சுருண்டு படுத்துக் கிடந்தது.

மாமா லிஃப்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். முதலில் மின்சாரம் வருகிறதா என்று. பேட்டரி மாற்றினார். பேட்டரி உட்காரும் குழியில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்ததைப் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தார். முள் அசையவில்லை. டார்ச் அடித்தார். துள்ளி எழுந்தது. டார்ச்சை எடுத்தால் மறுபடி படுத்தது. ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தும் அதே கதை.

"ஆளில்லாம ஓடுது, ஆள் ஏறினா நிக்குது. அந்த மாதிரி கேஸ்" என்றார்.

கேமரா கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, முள் ஜம்மென்று நிற்கிறதே, உங்களுக்கு என்ன குறை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளையைக் கூட்டிவந்தவர் போல மாமா வீடு வந்தார். மேசையில் வைத்துப் பார்த்தால் முள் படுத்திருந்தது. பஸ் குலுக்கலில் எங்கோ ஒரு இணைப்பு விட்டிருக்கிறது என்று தீர்மானித்து மறுபடி திறந்தார். மெக்கானிக் வந்ததும் லிஃப்ட் ஒழுங்காக ஓடுவதும், அவர் தலை மறைந்ததும் நின்றுபோவதும் அவர் தினமும் பார்ப்பதுதானே.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்தார். என் போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்று உண்டு. மகள் உட்காரப் போகும் நாற்காலிக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கேமரா சொன்னதையே அதுவும் சொன்னது.

"உன் போனும் ரிப்பேர்."

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு மாமா. வீடுதான் இருட்டா இருக்கு."

அவர் தலைக்கு மேல் பார்த்தார். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, இரு முனையும் கருத்து. "லைட் எரியுதே" என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன். பக்கத்து மனையில் கட்டிடம் எழுந்தபோது சிமெண்ட் தூசிக்காக அதைச் சாத்தியவர் பிறகு திறக்கவே இல்லை. எழுந்துபோய்க் கொக்கியைத் தட்டித் திறந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், பூசாத செங்கல் சுவர். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய வருடம் அங்கே துணி காயப்போடும் கொடிகள் இருந்தன.

கேமராவை எடுத்து அந்தச் சுவரைப் பார்த்தார். முள் கொஞ்சம் தலை தூக்கிவிட்டுப் படுத்தது.

"அவ வந்தப்பல்லாம் இதுக்குள்ளதான் உக்காந்திருந்தாளா?" என்று கேட்டார்.

மறுநாள் மகள் வந்தாள். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டின் திருப்பத்துக்குப் போனார். "ஏம்ப்பா, வீட்டுக்குள்ள வேணாமா?" என்றாள். "அங்க முள் எழ மாட்டேங்குதும்மா" என்றார். மாடிக் கதவு வழியே வெளிச்சம் அவள் தோளில் இறங்கியது. எடுத்து முடித்த பிறகும் கண்ணை எடுக்காமல் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். "முடிஞ்சுதா, சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது" என்று அவள் சொன்னபோதுதான் இறக்கினார்.

படம் தெளிவாக வந்தது. ஹாலில் ஆணி அடித்து மாட்டி, பின்னால் நகர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். படத்தைக் கழற்றினார்.

பிறகொரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, அவர் வேலை செய்த உயர்ந்த கட்டிடத்துக்குப் போனேன். உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறை. அவரைத் தவிர யாரும் ஏறாத இடம். நாலு பக்கமும் ஜன்னல். மோட்டாருக்கு எதிரே, எண்ணெய் படாத சுவரில், மாமா மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனில் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தார். படத்தை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள் போல.

"வேற எங்கம்மா மாட்டுவேன்? நம்ம வீட்லதான்" என்றார், படத்தைப் பார்த்தபடி.