ஆம்பூரில் மட்டும் தப்பாகக் காட்டிய மீட்டர்

எண்பதுகளில் நான் வேலூரில் ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றின் மீட்டர் என்னை ஒரு கோடை முழுக்க அலைய வைத்தது. தோல் பதனிடும் குரோம் கரைசலில் ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் வந்து சேரும் வெளிச்சத்தை வைத்துக் கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் கருவி அது. உள்ளே, வரும் மின்னோட்டத்தை மடக்கைக் கணக்கில் மாற்றும் ஒரு லாக் ஆம்ப்ளிஃபையர் சிப். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் முள் ஒரு கட்டம் நகர வேண்டும். நூறில் ஒரு பங்கானால் இரண்டு கட்டம்.

முள் அப்படி நகரவில்லை. அடர்த்தியான கரைசலை நீர்த்தது என்று காட்டியது. அதை நம்பி மேலும் குரோம் சேர்த்ததில் ஒரு லோடு தோல் சொரசொரப்பாகிப் போனது.

மீட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இளம்பெண். அப்பா காட்பாடிப் பக்கம் மிஷன் பள்ளி ஆசிரியர். வேதியியல் படித்துவிட்டு வந்த முதல் வேலை. "முள்ளு எங்க நின்னுச்சோ அதத்தான் சார் எழுதினேன்" என்றார்.

உள்ளே இருந்த சர்க்யூட் போர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், சரியானது. சில நாளில் மறுபடி ஆள் வந்தது. கருவியை வேலூருக்குத் தூக்கிவந்து என் மேசையில் ஓட்டினேன், பிசகவே இல்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்ததும் பிசகியது. சென்னையில் சொல்லிவைத்துக் காத்திருந்து புது சிப் வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அந்தக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சட்டையில் ஏறிய தோல் வாடை துவைத்தாலும் போகவில்லை. என்ன வாடை என்று என் மனைவி கேட்பதைக்கூட விட்டுவிட்டாள்.

"உங்க கிட்ட நல்லா ஓடுது, இங்க ஓடலன்னா இன்னா அர்த்தம்? அந்தப் பொண்ணால ஒரே பேஜார் சார்" என்றார் மேனேஜர். அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்தவரிடமும் முள் அதே பொய்யைத்தான் சொன்னது.

அன்று கரைசல்களை நீர்த்ததிலிருந்து அடர்த்தியானது வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நீர்த்தவற்றில் தப்பில்லை. அடர்த்தியானவற்றில் மட்டும்தான். அடர்ந்த கரைசலைத் தாண்டி வரும் ஒளி மிகக் கொஞ்சம். ஒளியுணரியில் அது தரும் மின்னோட்டமும் அப்படியே. அங்கே வேறெங்கிருந்தோ துளி மின்சாரம் கசிந்தாலும், சிப் அதையும் ஒளி என்றே எடுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து போர்டின்மேல் வாயால் ஊதினேன். மூச்சின் ஈரம் பட்டதும் முள் நீர்த்த பக்கம் சரிந்தது.

ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் உப்புப் போட்ட தோல்களை அடுக்கியிருந்தார்கள். காற்றில் வந்த உப்பு போர்டில் படிந்து, பதனிடும் தொட்டிகளின் ஈரத்தை இழுத்து, மின்சாரத்துக்கு வழிவிட்டிருந்தது. வேலூரில் என் அறை வறண்டு கிடந்ததால் அங்கே கசிவே இல்லை. மின்னோட்டம் நுழையும் சிப்பின் உள்ளீட்டுக் காலைப் போர்டிலிருந்து தூக்கி, மின்சாரம் கசியாத டெஃப்லான் தூண் ஒன்றின்மேல் அந்தரத்தில் இணைத்தேன். கசிவு உள்ளே நுழையாமல் சுற்றிலும் செப்புக் கம்பியால் ஒரு காப்பு வளையம் வைத்து, போர்டைக் கழுவிக் காயவைத்து வார்னிஷ் பூசினேன். பிறகு ஊதினாலும் முள் அசையவில்லை.

மேனேஜர் கெட்டவர் அல்ல. நான் சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பி, பழைய இடத்துக்கே வந்துவிடச் சொன்னார்.

"வேணாம் சார். பேக்கிங்லயே இருந்துட்றேன்" என்றார் அவர். "அங்க நான் எண்ணிச் சொன்னா நம்புறாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேலூர் வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.