வெளியே நிறுத்திய டிரெசர்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தைய மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவியின் கருப்பையை எடுக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிய டிரெசர், அதாவது டாக்டரின் உதவியாளர், ஒல்லியானவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. யாரையும் நேராகப் பார்க்காத கண்கள்.

"கொஞ்சம் வெளிய இருங்க சார்."

"நான் அவ புருஷன்லா!"

"அதனாலதான் சொல்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாப் பெண்களிடமும் தனியாகப் பேசுவது அவர் வழக்கமாம். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

பத்து நிமிடம் கழித்து வந்தார். "அம்மாவுக்கு இப்ப ஆப்பரேஷன் வேணாமாம்."

கஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிற்குத் திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டேன். "என்ன சொல்லிப் பயமுறுத்தினான்?"

"ஒண்ணும் சொல்லலிங்க. உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு."

அந்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஏன் பிடித்தது என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.